செல்லபாய் மைனிக்கு வலிக்கவில்லை

செல்லபாய் மைனி சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் சத்தியபாய் முட்டு ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து விளக்கியதும், துபாயிலிருந்து மகன் ஜிஜோ போனில் கெஞ்சியதும், மருமகள் அஜிஷா யூடியூபில் ஆபரேஷன் முடிந்து நடக்கிறவர்களை எடுத்துக் காட்டியதும் அவளை அசைக்கவில்லை. வலிக்குப் பயந்தவள் அவள். பல் பிடுங்கப் போன இடத்தில் நாற்காலியை விட்டு இறங்கி ஓடிவந்தவள் என்று அவள் ஊரான காரோட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

செல்லபாய் அவளுடைய அண்ணன் செல்லையனின் மனைவி. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது சத்தியபாய் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அன்று முதல் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள் அவளுக்கு மைனிதான். தலைப்பிரசவத்தின்போது சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் "ஒண்ணும் இல்ல மக்கா, இப்ப கழிஞ்சிரும்" என்றார்கள். மைனி மட்டும் காதோரம் குனிந்து, "நல்லா வலிக்கும். கத்தணும்னு தோணினா கத்து. ஆரும் ஒண்ணும் நெனைக்கமாட்டாவ" என்றாள். அப்படியே நடந்தது. அதனால் வலி விஷயத்தில் மைனி ஒன்றைச் சொல்லிவிட்டால் சத்தியபாய்க்கு அதற்கு மேல் பேச்சில்லை.

மைனிக்குப் போன வருடம் வலது முட்டு மாற்றினார்கள். ஆபரேஷன் முடிந்த சாயங்காலம் சத்தியபாய் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். மைனி தலையணையில் சாய்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து மகள் வீட்டுக்கு, அதியன்னூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குள் பஸ் ஏற முடியாதபடி ஆகிவிட்ட காலை வைத்துக்கொண்டு சத்தியபாயால் அங்கே போக முடியவில்லை. போனில் விசாரித்தாள். "சுகமா இருக்கேன்" என்றாள் மைனி. ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மைனி கம்பு ஊன்றாமல் எழுந்து நின்று, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன் சாட்சியாகச் சொன்னாள்.

"கர்த்தர் எனக்கு ஒரு துளி வலி தரல்ல. மாத்திரைக்க தேவையே வரல்ல. ஜெபம் ஒண்ணுதான் எனக்க மருந்து."

ஆலயம் முழுக்க ஸ்தோத்திரம் எழுந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அந்த வருடம் அவளையே மறுபடியும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். முட்டுவலிக்காரிகள் பலர் அவள் கையைப் பிடித்து ஜெபிக்கச் சொன்னார்கள்.

சத்தியபாயின் இடது முட்டு அடுத்த மழைக்காலத்தில் மொத்தமாகக் கைவிட்டது. மைனி வீட்டுக்கு வந்து சேலையை முட்டு வரை உயர்த்தித் தழும்பைக் காட்டினாள். "தொட்டுப் பாரு. எறும்பு கடிச்ச மாதிரி ஒரு இது. அவ்வளவுதான்."

"சத்தியமாட்டா மைனி?"

"நான் ஒனக்கிட்ட கள்ளம் சொல்லுவேனா?"

அப்படித்தான் சத்தியபாய் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்ததால் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மைனி சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் மரத்தது விட்டது. காலுக்குள் யாரோ கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வைத்துவிட்டு, அதை ஆற விடாமல் ஊதிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. கணவன் ராஜையா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாறசாலையில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

நர்ஸ் வந்து, வலி எவ்வளவு என்று மலையாளத்தில் கேட்டாள். "அம்மே, வேதன எத்ரயுண்டு? ஒண்ணு முதல் பத்து வரெ பறஞ்ஞால் மதி."

பத்துக்கு மேல் எண் உண்டா என்று கேட்கத் தோன்றியது சத்தியபாய்க்கு. ஆனால் மைனிக்கு ஒரு துளியும் இல்லாத வலியைத் தான் மட்டும் பத்து என்று எப்படிச் சொல்வது? கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "ரண்டு" என்றாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள். மறுபடி வந்தபோதும் ரண்டு. டாக்டர் வந்தபோது மூன்று. பரவாயில்லையே, நல்ல தைரியசாலி என்றார் அவர். வீட்டுக்கு அனுப்பும்போது, வலி தாங்க முடியாவிட்டால் மட்டும் போடுங்கள் என்று சொல்லி ஒரு அட்டை மாத்திரை தந்தார். உண்மையான எண்ணைச் சொல்லியிருந்தால் அதை வேளாவேளைக்குப் போடச் சொல்லியிருப்பார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே மைனி பார்க்க வந்தாள். மேசை மேலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு இதொண்ணும் வேண்டி வரல்ல. இதெல்லாம் கிட்னிக்குக் கேடாக்கும்" என்று சொல்லி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். கட்டிலருகே நின்று ஜெபம் பண்ணினாள். சத்தியபாய் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஆமென் சொல்லி முடித்ததும் வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு வந்த நாட்களில் அவள் செய்ததெல்லாம் வலியை மறைக்கிற வேலைதான். ராஜையா கேட்டால் தேவலை என்றாள். அஜிஷா காலையில் அக்ஷயா இ-சேவை சென்டருக்கு வேலைக்குக் கிளம்பும் முன் "மாமி, மாத்திர வேணுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றாள். முட்டுக்கு அடியில் ஒரு தலையணையை மடித்து வைத்து, காலை அரைகுறையாக மடக்கி அப்படியே அசையாமல் கிடந்தாள். அதுதான் கொஞ்சம் சுகமாக இருந்தது. அதியன்னூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த பிசியோ பெண் தாரா, "மாத்திர போட்டியளா அம்மா?" என்று கேட்டபோது, "போட்டேன்" என்றாள். தாரா காலைத் தொட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு தொடையை இறுக்கிவிடுவாள். முட்டு மடங்கவில்லை. நாளுக்கு நாள் தாராவின் முகம் சுருங்கியது.

ஒருநாள் மைனியிடம் மட்டும் அடக்க முடியாமல் அழுதுவிட்டாள். "மைனி, எனக்கு முடியல்ல. நிங்களுக்கு இல்லாதது எனக்கு மட்டும் ஏன் இப்பிடி?"

மைனி ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பினாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எட்டி சத்தியா, உள்ளுக்குள்ள எதாவது கெடக்குதா? ஆருகிட்டயாவது பகை? மன்னிக்காம வச்சிருந்தா சமாதானம் வராது."

சத்தியபாய் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கிடந்த கிடையில் தன் அறுபது சொச்சம் வருடத்தையும் கிளறிப் பார்த்தாள். கூட்டுறவு பாங்கில் வேலை பார்த்த காலத்தில் யாரிடமாவது கடுத்துப் பேசியிருக்கிறாளா? மாமியாரை மனதுக்குள் சபித்திருக்கிறாளா? கடைசியில் அவளுக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி. மழைத் தண்ணீர் போகிற ஓடை விஷயத்தில் இரண்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஓடையை அடைத்தது ஆனந்தவல்லிதான். ஆனாலும் சத்தியபாய் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். தாலுகா ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்ற அந்த அம்மாள் என்னவோ ஏதோ என்று வந்து வாசல்படியில் நின்றாள்.

"ஓட விஷயத்துல எனக்க மேலதான் தப்பு. மனசுல வச்சுக்காதிய" என்றாள் சத்தியபாய்.

"அதெல்லாம் போட்டும். உடம்பப் பாருங்க" என்றாள் ஆனந்தவல்லி. அடுத்த வாரமே கொத்தனாரை வைத்து ஓடைமேல் இன்னொரு வரிசை கல் கட்டிவிட்டாள். ராஜையாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சத்தியபாய்க்கு அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. மன்னிப்பும் கேட்டாகிவிட்டது, இன்னும் ஏன் வலி போகவில்லை என்பதே அவள் யோசனையாக இருந்தது. தன் விசுவாசத்தில்தான் எங்கேயோ ஓட்டை என்று முடிவுகட்டினாள். அது வலியைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த முறை தாரா வந்தபோது முட்டில் ஐஸ் வைக்கத் துணி தேடி மேசை இழுப்பறையைத் திறந்தாள். மாத்திரை அட்டையில் ஒன்றுகூடப் பிரிக்காமல் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள்.

"அம்மா, இது என்ன?"

சத்தியபாய் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போட்டேன் போட்டேன்னு சொன்னியளே. மாத்திர இல்லாமலா நான் இத்தன நாளு இந்தக் கால மடக்கப் பாத்தேன்? எனக்கே நெஞ்சு பதறுது."

"எங்க மைனிக்கு இது வேண்டி வரல்ல மக்கா. அவியளுக்கு ஒரு துளி வலி இல்ல. அதான் நானும்…"

"எந்த மைனி?"

"செல்லபாய். அதியன்னூருல மவ வீட்டுல இருந்தாவளே."

தாரா சட்டென்று சிரித்துவிட்டாள். ஆறுதல் சொல்கிற சிரிப்புதான். "செல்லபாய் ஆன்ட்டியா? அவிய முட்டுக்கு நாந்தானே போனேன். வலி இல்லியா? கேட்டுக்கு வெளிய ரோட்டுல போறவன் நிண்ணு பாப்பான், அப்பிடி ஒரு சத்தம். ஒருநாளு ஐஸ் பேக்க எடுத்து எனக்க மேல வீசினாவ. டாக்டரு மாத்திரைய ரண்டு தரம் கூட்டிக் குடுத்தாரு. மாத்திர போட்டு முக்கா மணிக்கூறு கழியாம காலத் தொடவே விடமாட்டாவ. அது பெலவீனம் ஒண்ணும் இல்லம்மா. அப்பிடித்தான் செய்யணும். அதனாலதான் அவிய நல்லா நடக்காவ."

"சாட்சி சொன்ன அன்னைக்கு?" என்றாள் சத்தியபாய். தாராவுக்குப் புரியவில்லை. "போன வருசம். மொதல்முதலா அவிய கோயிலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழம."

"அன்னைக்கா? கோயில்ல ரொம்ப நேரம் இருக்கணும்னு காலையிலேயே ரண்டு மாத்திர சேத்துப் போட்டுட்டுப் போனாவ. நான் நல்லா ஏசினேன்." அப்போதுதான் தாரா சத்தியபாயின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. "அய்யோ, நான் சொன்னேன்னு சொல்லிராதியம்மா" என்றாள் மெதுவாக.

"சொல்லமாட்டேன். அந்த மாத்திரைய எடு."

மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். முட்டுக்கு அடியிலிருந்த தலையணையைத் தாரா உருவி எடுத்தாள். இதை வைத்தால் முட்டு அரைமடக்காகவே நின்றுவிடும், குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என்றாள். ஐஸ் வைத்தாள். காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்பியின் சூடு தணிய ஆரம்பித்தது. போகவில்லை. ஆனால் அது இருக்கிற அறைக்கும் அவளுக்கும் நடுவே யாரோ ஒரு கதவைச் சாத்தியதுபோல இருந்தது. தாரா குதிகாலைப் பிடித்து மெல்லத் தள்ளினாள். முட்டு மடங்கியது. இதுவரை போகாத இடத்துக்குப் போயிற்று. வலித்தது, ஆனால் தாங்கிக்கொள்கிற வலி.

சத்தியபாய் அழுதாள். தாரா பதறிக் காலை விட்டாள்.

"வலிக்காம்மா?"

"இல்ல மக்கா. நீ செய்யி" என்றாள். ஒரு மாத்திரையில் தீர்கிற காரியத்துக்காகத்தான் இத்தனை நாள் தன் ஆத்துமாவைக் கிளறிக்கொண்டு கிடந்தாள். அதை நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மைனி ஆட்டுக்கால் சூப்போடு வந்தாள். ராஜையா கடைக்குப் போயிருந்தார். அஜிஷா இன்னும் வந்திருக்கவில்லை. சத்தியபாய் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மைனியின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? நான் சொன்னேன் இல்லியா, ஜெபம் கேக்கும்னு."

"மாத்திர போட்டேன் மைனி."

மைனி தூக்குவாளியை மேசையில் வைத்தாள். "ம்" என்றாள்.

"ஒண்ணு கேக்கட்டா? நிங்களுக்கு வலிச்சுதா?"

"எனக்கா? நான்தான் சொன்னேனே."

"அதியன்னூருல நிங்க இருந்த கெடப்பு எனக்குத் தெரியும். ஆரு சொன்னான்னு கேக்கண்டாம்."

மைனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வலிச்சுது" என்றாள். "செத்துப் போவேன்னு நெனச்சேன். மவளுக்க கைய கடிச்சு வச்சேன். பேரப்பிள்ள என்னப் பாத்து பயந்து கிட்ட வரமாட்டேன்னுட்டு. அந்த வெக்கத்துல இருந்தேன். கோயில்ல எழும்பி நிண்ணப்ப வாயில அப்பிடி வந்துட்டு. எல்லாவளும் ஸ்தோத்திரம் சொன்னாவ. பொறவு அத எப்பிடி மாத்துவேன்?"

"எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீ பயந்தவ. உள்ளதச் சொல்லியிருந்தா நீ ஆபரேஷனே செய்திருக்கமாட்ட. தவந்துதான் கெடப்ப. ஒனக்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"செரி. அத விட்டேன்" என்றாள் சத்தியபாய். குரல் உயரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "ஆபரேஷனுக்கு முன்னால சொன்னத நான் விட்டேன். அதுக்குப் பொறவு? இந்தக் கட்டில்ல கெடந்து ஒங்க முன்னால அழுதேனே, அன்னைக்கு? எனக்கும் இப்பிடித்தான் இருந்துது சத்தியா, மாத்திரைய எடுத்துப் போடுன்னு ஒரு வார்த்த வந்துதா? எனக்குள்ள என்ன பாவம் கெடக்குன்னுல்ல கேட்டிய. நான் உண்டும்னு நெனச்சுத் தேடினேன் மைனி. ஆனந்தவல்லிக்க கால்ல விழாத கொறையா மன்னிப்பு கேட்டேன். கர்த்தரு என்ன கைவிட்டுட்டாருன்னு நெனச்சேன்."

மைனி சேலைத்தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ ஆருகிட்டயாவது சொல்லிருவேன்னு பயம்" என்றாள் கடைசியில். "ஒங்க அண்ணன் போன பொறவு எனக்கு வீட்டுல ஆரு உண்டும்? மவ அங்க. கோயில்ல உள்ளவியதான். செல்லபாய் ஜெபம் பண்ணினா கேக்கும்னு ஒரு பேரு. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு."

அது உண்மை என்று சத்தியபாய்க்குத் தெரிந்தது. அண்ணன் இறந்தபிறகு அந்த வீட்டில் மத்தியானத்தில் டிவி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதை அவள் அறிவாள். இரங்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் இரக்கம் வரவேண்டிய இடத்தில் வேறொரு கணக்குதான் ஓடியது. அந்தப் பேர் நிலைக்க வேண்டுமென்றால் தனக்கு வலிக்க வேண்டும், அதுவும் தன் குற்றத்தால் வலிக்க வேண்டும். அது தெரிந்துதான் மைனி கட்டிலருகே நின்று கண்ணை மூடி ஜெபித்திருக்கிறாள்.

"சூப்ப எடுத்துட்டுப் போங்க. எனக்குப் பசிக்கல்ல" என்றாள்.

மைனி தூக்குவாளியை விட்டுவிட்டே போனாள். சாயங்காலம் அஜிஷா வந்து அதைச் சூடாக்கித் தரட்டுமா என்று கேட்டபோது, கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவரச் சொன்னாள்.

டாக்டரைத் திரும்பப் பார்க்கப் போனபோது சத்தியபாய் முதலிலேயே சொல்லிவிட்டாள், இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் பொய், எட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ராஜையாவைப் பார்த்தார். ராஜையா தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரையை மாற்றி, வேளை குறித்துத் தந்து, படிப்படியாகக் குறைக்கும் விதமும் சொன்னார். முதல் வாரங்களில் மடக்காமல் விட்டதால் உள்ளே சதை ஒட்டியிருக்கிறது, மயக்கம் கொடுத்து மடக்கிப் பார்க்கலாம் என்றார். சத்தியபாய் யோசித்து, தாராவோடு ஒரு மாதம் முயன்று பார்க்கிறேன் என்றாள். முயன்றாள். மாத்திரை போட்டு, காத்திருந்து, ஐஸ் வைத்து, வலித்தபோது வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். நாற்காலியில் ஒழுங்காக உட்காரும் அளவுக்கு முட்டு வந்தது. படி ஏறினாள். இறங்கும்போது மட்டும் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொன்றாக இறங்க வேண்டியிருந்தது. அது இனி அப்படியேதான் இருக்கும் என்று தாரா சொன்னாள்.

"ஒனக்க அண்ணன் பெண்டாட்டி" என்று, அவள் சொல்லி எல்லாம் தெரிந்திருந்த ராஜையா ஒருநாள் ஆரம்பித்தார். "இத்தன வருசத்துப் பழக்கம். விட்டுரேன்."

"விட்டாச்சு. ஆருகிட்டயும் சொல்லப் போவதில்ல" என்றாள். அவர் கேட்டது அதையல்ல என்று இருவருக்கும் தெரியும்.

ஆலயத்துக்கு அவள் திரும்பிப் போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு முன்பே போதகர் அருகில் வந்து, "சத்தியபாயம்மா, இன்னைக்கு ஒரு சாட்சி சொல்லுவியளா?" என்று கேட்டார். இரண்டு வரிசை முன்னால் மைனி உட்கார்ந்திருந்தாள். பாட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல ஐயா. எனக்குச் சொல்லுக மாதிரி ஒண்ணும் இல்ல" என்றாள் சத்தியபாய்.

போதகருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்திலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய ஆபரேஷன் முடிந்து நடந்து வந்தவளுக்கு நன்றி சொல்ல ஒரு வார்த்தை இல்லையா என்று அவர்கள் நினைப்பது சத்தியபாய்க்கு நன்றாகத் தெரிந்தது. நினைக்கட்டும் என்று இருந்தாள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்தபோது மைனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வந்து சத்தியபாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அவள் மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்றே சத்தியபாய் எதிர்பார்த்தாள். கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் மனம் தவித்தது. கொடுத்துவிடலாம் என்றுகூட அந்த நொடியில் இருந்தது.

"நீ தங்கமான பிள்ள. நீ சொல்லமாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றாள் மைனி. அவள் முகத்தில் இருந்தது நிம்மதி. வெட்கமோ வருத்தமோ கொஞ்சமும் இல்லாத சுத்தமான நிம்மதி.

அதற்குள் பின்னாலிருந்து யாரோ, "செல்லபாய் அக்கா, எனக்க மவளுக்க காரியத்துக்கு ஒரு ஜெபம் வேணும்" என்று கூப்பிட்டாள். மைனி கையை விட்டுவிட்டு, "இதோ வாறேன் மக்கா" என்று திரும்பிப் போனாள். நல்ல நடை. கால் சற்றும் இழுக்கவில்லை.

சத்தியபாய் வாசலுக்கு வந்தாள். கீழே ராஜையா ஆட்டோவோடு காத்து நின்றார். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, படிகளை ஒவ்வொன்றாக இறங்கினாள். உதவிக்கு வந்த ஒரு பெண் தோளைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கா அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா, வலிக்கு" என்றாள் சத்தியபாய். "மெதுவா போவோம்."